காட்டு மண்ணில் 15 சதவீதம்: அமெரிக்கத் தேசியக் காடுகளின் பருவகால மண் ஆய்வு

2025 மார்ச் 1 அன்று, மர உற்பத்தியை உடனடியாகப் பெருக்கச் சொல்லும் ஆணையில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். ஏப்ரல் 3 அன்று அந்நாட்டு வேளாண் செயலர் 11.26 கோடி ஏக்கர் தேசியக் காட்டு நிலத்தில் அவசர நிலை நிலவுவதாக அறிவித்து, அங்கே மரம் வெட்டும் திட்டங்களுக்கான நடைமுறைகளைச் சுருக்கினார். அதற்குச் சில மாதம் முன்பு, 2024 செப்டம்பரில், தீயணைப்புப் பணி நீங்கலாகப் பருவகாலத் தற்காலிகப் பணியாளர்களை 2025 நிதியாண்டில் அநேகமாக எடுக்கப்போவதில்லை என அமெரிக்க வனத்துறை சொல்லியிருந்தது.

இவை தனித்தனிச் செய்திகளாகவே வந்தன. ஆனால் மரம் வெட்டும் நிலத்தில் மண்ணின் நிலையை மதிப்பிட வேண்டும். காலங்காலமாக அதைச் செய்துவந்தவர்களில் பெரும்பகுதியினர் கோடையில் மட்டும் வேலைக்கு வரும் அந்தப் பருவகாலப் பணியாளர்கள்தாம். அவர்கள் என்ன அளக்கிறார்கள், அந்த அளவு எதைத் தீர்மானிக்கிறது, எங்கே பிழைக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தச் செய்திகளை ஒன்றாக வைத்துப் படிக்க முடியும்.

## தேசியக் காடு வேறு, தேசியப் பூங்கா வேறு

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்கள் உள்துறையின் கீழ் வருகின்றன. அங்கே வணிகத்துக்காக மரம் வெட்டுவதில்லை. தேசியக் காடுகள் வேளாண் துறையின் கீழ், 1905-ல் தொடங்கப்பட்ட வனத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு என எல்லாப் பயன்பாட்டுக்கும் அந்த நிலம் உரியது என்பதை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. 154 தேசியக் காடுகளும் புல்வெளிகளும் சேர்ந்து ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்பு.

1976-ல் வந்த தேசியக் காடு மேலாண்மைச் சட்டம்தான் மண்ணை நேரடியாகப் பேசுகிறது. மண்ணுக்கும் சரிவுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் மீட்க முடியாத சேதம் வராத இடத்தில் மட்டுமே மரம் வெட்டலாம் என்கிறது அது. நிலத்தின் விளைதிறன் நிரந்தரமாகக் குன்றிவிடக் கூடாது என்பதும் அதில் உண்டு. சட்டம் அத்துடன் நின்றுவிடுகிறது. எவ்வளவு சேதம் வரை தாங்கலாம் என்ற எண்ணை வனத்துறையின் ஒவ்வொரு மண்டலமும் தனக்கென வகுத்துக்கொண்டது.

வடக்கு ஐடஹோ, மொன்டானா காடுகளை உள்ளடக்கிய முதலாம் மண்டலம் நெடுநாளாகப் பின்பற்றும் வரம்பு 15 சதவீதம். வேலை நடக்கும் பரப்பில் 15 சதவீதத்துக்கு மேல் மண் கெட்டிருக்கக் கூடாது. முந்தைய வெட்டுகளாலேயே அதற்கு மேல் கெட்டிருந்தால், புதிய வேலை அதை இன்னும் கூட்டக் கூடாது, சீராக்கும் திசையில் போக வேண்டும். ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் ஆறாம் மண்டலத்தில் வரம்பு 20 சதவீதம். 20 தளர்வானது, 15 கடுமையானது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. ஆறாம் மண்டலக் கணக்கில் நிரந்தரச் சாலைகளும் கட்டைகளைக் குவிக்கும் களங்களும் சேர்கின்றன. முதலாம் மண்டலக் கணக்கில் நிரந்தரச் சாலைகள் சேர்வதில்லை. இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

## ஏன் பருவகாலம்?

வடக்கு ஐடஹோ மலைகளில் உயரமான பகுதிகளில் ஜூன் வரை பனி கிடக்கும். அக்டோபரில் மீண்டும் விழத் தொடங்கும். இடையில் கிடைப்பது நான்கு மாதம். பனி உருகிய உடனே போனால் மண் சேறாக இருக்கும், காட்டுச் சாலைகளும் திறந்திருக்காது. ஆகஸ்ட் கடைசியில் போனால் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும், காட்டுத் தீயால் பாதிச் சாலைகள் மூடியிருக்கும்.

தற்காலிகப் பருவகால நியமனத்துக்கு ஆண்டுக்கு 1,039 மணி நேரம் என்ற வரம்பு இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய 26 வாரம். மண் அறிவியலாளர் என்ற நிரந்தரப் பணிக்குக் கல்லூரியில் மண் சார்ந்த பாடங்களைக் குறைந்தது 15 செமஸ்டர் கிரெடிட் அளவுக்குப் படித்திருக்க வேண்டும். ஒரு தேசியக் காட்டுக்கு அப்படிப்பட்டவர் ஓரிருவர்தான் இருப்பார்கள். அவர் திட்டமிட்டு, அறிக்கை எழுதி, முடிவுக்குப் பொறுப்பேற்கிறார். கோடு கோடாக நடந்து குழி தோண்டுவது இரண்டு இரண்டு பேராகப் போகும் பருவகாலப் பணியாளர்கள்.

## சாம்பல் போர்த்திய மண்

ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓரிகனில் மசாமா எரிமலை வெடித்துச் சரிந்தது. அது சரிந்த பள்ளத்தில்தான் இன்று கிரேட்டர் ஏரி இருக்கிறது. அப்போது பறந்த சாம்பல் வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா வரை படிந்தது. வடக்கு ஐடஹோவின் ஈரமான சரிவுகளில் அது இன்னும் மேல்மண்ணாக இருக்கிறது. அந்தக் காட்டின் வளத்துக்கு அடிப்படையே இந்தச் சாம்பல் அடுக்கு.

காரணம் அதன் துளைகள். ஒரு கன சென்டிமீட்டர் மண், துளைகளோடு சேர்த்து, உலர்ந்த நிலையில் எத்தனை கிராம் என்பது பரும அடர்த்தி. சாதாரண வயல் மண்ணில் இது 1.3 அளவில் இருக்கும். எரிமலைச் சாம்பல் மண்ணில் 0.9-ஐத் தாண்டாது, பல இடங்களில் 0.7-க்கு அருகில் இருக்கும். பாதிக்கு மேல் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் பனி உருகிய நீர் தங்கி, மழையில்லாத ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மரத்தைக் காப்பாற்றுகிறது.

அதே துளைகள்தான் ஆபத்தும். மரத்தை இழுக்கும் ஸ்கிட்டர் வண்டி ஈர மண்ணில் சில முறை போய்வந்தாலே பெரிய துளைகள் நசுங்கிவிடும். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்புவதால் ஓரளவு தானே இளகும். சாம்பல் மண்ணில் அப்படி விரிந்து சுருங்கும் களி கிடையாது. பல பத்தாண்டுகளுக்கு முன் வெட்டிய காட்டில் இழுவைத் தடங்கள் இன்றும் காலுக்குத் தட்டுப்படுவது அதனால்தான்.

எல்லா மண்ணும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989-ல் வனத்துறை தொடங்கிய நீண்டகால மண் விளைதிறன் ஆய்வில், மணற்பாங்கான மண்ணை இறுக்கியபோது சில இடங்களில் மரம் கூடுதலாகவே வளர்ந்தது. பெரிய துளைகள் சிறிதானதும் மணல் முன்பைவிட அதிக நீரைப் பிடித்துவைத்தது. களிமண்ணில் விளைவு நேர்மாறு. ஆகவே எந்த மண் என்று தெரியாமல் எவ்வளவு இறுக்கம் கெடுதல் என்று சொல்ல முடியாது.

## வரைபடம் இருக்கும்போது ஏன் நடக்க வேண்டும்?

மண் வரைபடங்கள் வழக்கமாக 1:24,000 அளவில் வருகின்றன. தாளில் 1 செ.மீ. தரையில் 240 மீட்டர். 4 மீட்டர் அகல இழுவைத் தடத்தை அதில் வரைந்தால் தடிமன் 0.17 மி.மீ. தான் வரும். எந்த வகை மண் என்று வரைபடம் சொல்லும். அந்த மண் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. வான்படத்தில் பழைய தடங்களை மரக்கூரை மூடியிருக்கும்.

## களத்தில் நடப்பது

வனத்துறை 2009-ல் வெளியிட்ட காட்டு மண் சிதைவுக் கண்காணிப்பு நெறிமுறைதான் இன்றைய வேலைக்கு அடிப்படை. அதன் ஓட்டம் இப்படி:

1. அலுவலகத்தில் வெட்டுப் பரப்பின் எல்லை, பழைய வெட்டுப் பதிவுகள், மண் வகை, சரிவு ஆகியவற்றைச் சேர்த்துப் படம் தயாரிக்கிறார்கள். தொடக்கப் புள்ளியும் நடக்க வேண்டிய திசையும் குலுக்கல் முறையில் தேர்வாகின்றன.

2. திசைகாட்டி வைத்து அந்தத் திசையில் நேராக நடந்து, முன்பே முடிவான இடைவெளியில் நிற்கிறார்கள். காலடியில் 15 செ.மீ. விட்டமுள்ள வட்டம்தான் ஒரு புள்ளி. ஒரு பரப்புக்குக் குறைந்தது 30 புள்ளிகள்.

3. ஒவ்வொரு புள்ளியிலும் சருகும் மக்கும் சேர்ந்த மேற்போர்வை இருக்கிறதா, கலைந்திருக்கிறதா, போய்விட்டதா, மேல்மண் நகர்ந்திருக்கிறதா, சக்கரப் பள்ளம் 5 செ.மீ.க்குக் குறைவா, 5 முதல் 10-ஆ, அதற்கு மேலா. அரிப்பு, தீ தடயம் உண்டா என்று பதிவாகிறது.

4. பிறகு மண்வாரியால் ஒரு கட்டி வெட்டி எடுத்துக் கையில் உடைக்கிறார்கள். நல்ல காட்டு மண் பொலபொலவென உருண்டைகளாக உதிரும். நசுங்கிய மண் கிடைமட்டமாகத் தகடு தகடாகப் பிரியும். வேர்கள் கீழே இறங்க முடியாமல் அந்தத் தகடுகளுக்கு இடையே படுத்து ஓடியிருக்கும். இறுக்கம் 10 செ.மீ. ஆழம் வரையா, 30 வரையா, அதற்கும் கீழேயா என்று குறிக்கிறார்கள்.

5. இத்தனையும் பார்த்து அந்தப் புள்ளிக்கு 0 முதல் 3 வரை ஒரு வகுப்பு தருகிறார்கள். 0 என்றால் வண்டி தொடாத மண். 1 என்றால் லேசான தடம், போர்வை அப்படியே இருக்கிறது. 2-ல் 5 முதல் 10 செ.மீ. பள்ளம், மேல்மண் ஓரளவு கலந்துவிட்டது, இறுக்கம் 10 முதல் 30 செ.மீ. ஆழம் வரை. 3-ல் பள்ளம் 10 செ.மீ.க்கு மேல், மேல்மண் வழித்தெடுக்கப்பட்டது, இறுக்கம் 30 செ.மீ.யையும் தாண்டியது.

எந்த வகுப்பு முதல் ‘கெட்ட மண்’ எனக் கணக்கில் சேரும் என்பதை அந்தக் காட்டின் மண் அறிவியலாளர் முடிவுசெய்கிறார். ஆழமான மண்ணில் 3 மட்டும் சேரலாம், மெல்லிய சாம்பல் மண்ணில் 2-உம் சேரலாம். அறிக்கையில் இந்த முடிவுக்கான காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சதவீதத்துக்குப் பொருளே கிடையாது.

இதோடு பரப்புக்கு ஓரிரண்டு பெரிய குழிகளும் தோண்டுவதுண்டு. ஒரு மீட்டர் ஆழம் வெட்டி, ஒரு பக்கத்தைக் கத்தியால் செதுக்கி, அடுக்குகளின் எல்லைகளைப் பிரித்து, மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு நிறம் எழுதுகிறார்கள். ஈரப்படுத்திய மண்ணை விரலிடையே பிதுக்கி நாடாவாக நீட்டும்போது 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் களி குறைவு, 5 செ.மீ. தாண்டி நீண்டால் களி மிகுதி. சாம்பல் மண் நாடாவாக வராது. தேய்த்தால் வழுக்கிக்கொண்டு, அழுத்தினால் நீர் கசியும். சந்தேகம் இருந்தால் சோடியம் ஃபுளோரைடு கரைசலில் சிறிது மண்ணைக் கலந்து இரண்டு நிமிடம் கழித்து அமில-கார அளவைப் பார்க்கிறார்கள். 9.4-ஐத் தாண்டினால் சாம்பல் மண்ணுக்கான வலுவான அடையாளம்.

## ஒரு கல் செய்யும் வேலை

கண்ணும் கையும் சொன்னதைச் சில இடங்களில் எடை போட்டும் சரிபார்க்கிறார்கள். கொள்ளளவு தெரிந்த உலோக வளையத்தை மண்ணில் இறக்கி, கலையாமல் எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்கிறார்கள்.

100 கன செ.மீ. வளையம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி போகாத இடத்து மண் 70 கிராம், அடர்த்தி 0.70. தடத்து மண் 82 கிராம், அடர்த்தி 0.82. உயர்வு 17 சதவீதம். முதலாம் மண்டலத்தில் அடர்த்தி 15 சதவீதம் உயர்ந்தாலே (பரப்புக்கான 15 சதவீத வரம்பு வேறு) கெடுதல் எனக் கொள்ளப்படுவதால் இந்த இடம் கெட்ட மண். ஆறாம் மண்டலம் சாம்பல் மண்ணுக்கு 20 சதவீதம் வரை விடுகிறது. அங்கே இதே மண் தேறிவிடும். ஒரே எரிமலையின் சாம்பல், மாநில எல்லையைத் தாண்டியதும் தீர்ப்பு மாறுகிறது.

இப்போது அந்த 82 கிராமில் 20 கிராம் கற்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. சல்லடையில் சலித்துக் கற்களை நீக்க வேண்டும். கல்லின் அடர்த்தி 2.65 என்றால் அது பிடித்த இடம் 7.5 கன செ.மீ. மீதி 62 கிராம் மண் 92.5 கன செ.மீ. இடத்தில் இருந்தது. அடர்த்தி 0.67. தடம் நசுங்கவே இல்லை! சலிக்காமல் விட்டிருந்தால் நல்ல மண் கெட்டதாகப் பதிவாகியிருக்கும். ஒப்பீட்டு இடத்தில் கல் இருந்து தடத்தில் இல்லாமல் போனால் பிழை எதிர்த்திசையில் வரும், கெட்டது நல்லதாகிவிடும்.

## 30 புள்ளி போதுமா?

30 புள்ளிகளில் 5 கெட்டவை என்றால் 16.7 சதவீதம். 15-ஐத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் 90 சதவீத நம்பிக்கையோடு கணக்கிட்டால் உண்மை மதிப்பு சுமார் 5.5 முதல் 28 வரை எங்கும் இருக்கலாம். இந்த அகலத்தை வைத்துக்கொண்டு வரம்புக்குள் என்றோ மீறல் என்றோ சொல்ல முடியாது.

15 சதவீதத்துக்கு அருகில் இருக்கும் ஒரு பரப்பில் முன்பின் 5 சதவீதத்துக்குள் அளவு வேண்டுமென்றால், அதே 90 சதவீத நம்பிக்கைக்கு ஏறத்தாழ 138 புள்ளிகள் தேவை. நம்பிக்கையை 80-ஆகக் குறைத்துக்கொண்டாலும் 84. எனவே 30 புள்ளி முடிந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்து, முடிவு வரம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தால் நிறுத்தலாம். அருகில் இருந்தால் தொடர்ந்து நடக்க வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கூடுதல் நடைதான். அறிக்கையில் ஒரு சதவீதம் எப்படியும் இருக்கும், அதன் பின்னால் இருக்கும் உறுதிதான் காணாமல் போகும்.

## எங்கே பிழைக்கிறது

1. புள்ளியை நகர்த்துவது. திசை ஒரு புதருக்குள்ளோ வெட்டிய கிளைக் குவியலின் மீதோ கொண்டுபோய் நிறுத்தும். ஓரடி தள்ளி நல்ல இடம் இருக்கும். அங்கே தோண்டினால் அந்தப் பரப்பில் எளிதாக நடக்கக்கூடிய மண் மட்டுமே பதிவாகும். எளிதாக நடக்கும் இடம் பல நேரம் பழைய தடம்தான்.

2. கோடும் தடமும் ஒரே திசையில் போவது. இழுவைத் தடங்கள் பெரும்பாலும் சரிவோடு மேலும் கீழும் ஓடும். நடைக்கோடும் அப்படியே அமைந்தால் ஒன்று தடத்திலேயே நடப்போம், அல்லது தடத்தைத் தொடாமலே முடிப்போம்.

3. ஈரம். ஊசிமுனைக் கம்பியை அழுத்திப் பார்க்கும் கருவி காய்ந்த மண்ணில் இறங்காது. அது இறுக்கம் அல்ல, வறட்சி. ஜூனில் அளந்த பரப்பை ஆகஸ்டில் அளந்ததோடு கருவி அளவை வைத்து ஒப்பிடவே கூடாது.

4. தவறான ஒப்பீட்டு இடம். ‘தொடாத மண்’ என்று எடுத்துக்கொண்ட இடம் 1960-களில் வண்டி ஓடிய இடமாக இருந்தால், அதோடு ஒப்பிடும் எந்தப் புதுத் தடமும் கெடாததுபோலவே தோன்றும்.

5. இயற்கையின் கைவேலை. காற்றில் வேரோடு சாய்ந்த மரம் விட்ட குழியும் மேடும், வளை எலிகள் தள்ளிய மண்ணும் வண்டி செய்ததுபோலவே இருக்கும்.

6. ஆளுக்கு ஆள் மாறும் பார்வை. ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 2. பருவத் தொடக்கத்தில் எல்லோரும் ஒரே புள்ளிகளைத் தனித்தனியாக வகுத்து, மாறுபட்டவற்றை மண் அறிவியலாளரோடு தோண்டிப் பார்த்துச் சரிசெய்வது இதற்காகத்தான். ஆண்டுதோறும் திரும்பி வரும் அனுபவசாலிகளின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது. ஒரு பருவம் இடைவெளி விழுந்தால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

## நீதிமன்றம் வரை போன குழி

ஐடஹோ பான்ஹேண்டில் காடுகளில் அயர்ன் ஹனி என்ற வெட்டுத் திட்டம் வந்தபோது, வேலை நடக்கவிருந்த பரப்பின் மண்ணை வனத்துறை நேரில் சோதிக்கவில்லை. காட்டின் பிற இடங்களில் எடுத்த மாதிரிகளையும் வான்படங்களையும் வைத்துக் கணக்கிட்டது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அது போதாது என்று தீர்ப்பளித்தது. திருத்திய தீர்ப்பு 2005-ல் வந்தது. அதன் பிறகு மேற்கு மாநிலக் காடுகளில் மண்ணை நேரில் பார்க்கும் வேலை தீவிரமானது.

2008-ல் அதே காடுகளின் மிஷன் பிரஷ் திட்டம் குறித்த வழக்கில், அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு நிலைப்பாட்டைத் தளர்த்தியது. எந்த முறையில் அளப்பது என்பதை வனத்துறையின் நிபுணர்களே தீர்மானிக்கலாம், ஒவ்வொரு முறையும் களச் சோதனை கட்டாயம் என்று நீதிமன்றம் சொல்லாது என்றது. களப்பணியைச் சுருக்க இந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. ஆனால் மண்ணைக் காக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடமை அப்படியே இருக்கிறது. தேர்ந்தெடுத்த முறை நம்பத்தக்கது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் வனத்துறைக்கே.

## தீ அணைந்த பிறகு

இதே பணியாளர்கள் தேவைப்படும் இன்னொரு வேலை அவசரமானது. பெரிய காட்டுத் தீ கட்டுக்குள் வந்த ஏழு நாளுக்குள் அவசரச் சீரமைப்பு மதிப்பீட்டை அனுப்ப வேண்டும். தீக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு முதல் வரைபடம் வருகிறது. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது பெரும்பாலும் மரங்கள் கருகியதை, மண் வெந்ததை அல்ல. மரம் முழுக்கக் கருகியும் மண் தப்பியிருக்கலாம். மரம் பாதி பச்சையாக நின்றும் கீழே கட்டைகள் நெடுநேரம் எரிந்து மண்ணைச் சுட்டிருக்கலாம்.

ஆகவே தரையில் சாம்பலின் நிறமும் ஆழமும், மெல்லிய வேர்கள் பிழைத்தனவா, மண் உருண்டைகள் பொடியாகிவிட்டனவா என்று பார்க்கிறார்கள். சாம்பலை விலக்கி மண்ணில் நீர்த்துளி விடுகிறார்கள். 10 விநாடிக்குள் இறங்கினால் நீர் விலக்கும் தன்மை குறைவு. 40 விநாடி தாண்டியும் துளி முத்தாக நின்றால் கடுமை. எரிந்த சருகிலிருந்து வெளியேறிய மெழுகுப் பொருள்கள் மண் துகள்களில் படிந்ததன் விளைவு அது.

இப்படித் திருத்திய வரைபடம் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் மண்சரிவுக் கணிப்புக்குப் போகிறது. சரிவு, மழையின் வேகம் ஆகியவற்றோடு மண் எந்த அளவுக்கு வெந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே, எந்த ஓடையில் சேறும் பாறையும் இறங்கும் என்று கணிக்கப்படுகிறது. கீழே இருக்கும் ஊர்களை எப்போது காலி செய்வது என்ற முடிவும் அதை ஒட்டியே எடுக்கப்படுகிறது. தீ விழும் மாதங்களும் வெட்டுப் பரப்புகளை நடக்க வேண்டிய மாதங்களும் ஒன்றே. இரண்டுக்கும் போவது ஒரே சிறு குழு. இருக்கிற நாலைந்து பேரும் தீப்பட்ட சரிவுக்குப் போய்விட்டால், அந்த ஆண்டு வெட்டுப் பரப்புகளின் மண் அறிக்கை வரைபடத்தையும் பழைய பதிவுகளையும் நம்பித்தான் எழுதப்படும்.

அப்படி ஓர் அறிக்கை கைக்கு வந்தால் முடிவுப் பக்கத்துச் சதவீதத்துக்கு முன்பாக வேறு நான்கு விவரங்களைத் தேடிப் படிக்கலாம்: எந்த மாதத்தில் அளந்தார்கள், பரப்புக்கு எத்தனை புள்ளிகள், எந்த வகுப்பு முதல் கெட்டதாகக் கொண்டார்கள், மொத்தப் பரப்பில் வண்டியே நுழையாத ஓடைக்கரைப் பட்டைகளையும் சேர்த்து வகுத்தார்களா. கடைசியில் சொன்னது முக்கியம். 40 ஏக்கரில் 7 ஏக்கர் கெட்டிருந்தால் 17.5 சதவீதம். அதே 7 ஏக்கரை, தொடாத 10 ஏக்கர் கரைப் பட்டையையும் சேர்த்து 50-ஆல் வகுத்தால் 14 சதவீதம், வரம்புக்குள் வந்துவிடும்.